மேளத்தில் போன பேச்சு

படம் காட்டிய மறுநாள் காலையில் அழகம்மாவுக்கு அடுத்த நிரையில் கொழுந்து எடுக்க யாரும் வரவில்லை.

ஹேவாஹெட்ட மலைகளில் அது தூறல் காலம். மேகம் தேயிலைச் செடிகளின் தலையிலேயே உட்கார்ந்திருந்தது. பெண்கள் படங்குச் சாக்கை இடுப்பில் இறுகக் கட்டி, கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு, கூடையோடு நின்றார்கள். கங்காணி நிரை பிரித்தார். வருஷக் கணக்காக அழகம்மாவுக்குப் பக்கத்தில் நின்று கொழுந்து எடுக்கிற நல்லம்மா, ஒரு நிரை தள்ளிப்போய் இறங்கினாள். நடுவில் ஒரு நிரை, கொழுந்து விட்டபடி, கை படாமல் கிடந்தது. அதில் யாரையாவது இறக்கிவிடுவது கங்காணியின் வேலை. அவர் அந்த நிரையைப் பார்த்தார், அழகம்மாவைப் பார்த்தார், குடையை மடக்கிக்கொண்டு மேலே ஏறிப் போய்விட்டார்.

அழகம்மா குனிந்து கொழுந்தைக் கிள்ளத் தொடங்கினாள். முகம் எரிந்தது. மழை பட்டும் அந்த எரிச்சல் தணியவில்லை.

அவள் புருஷன் கறுப்பையா கண்டி மறியலில், சிறைக்குள், இருந்தான். கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை அழகம்மாவின் கூடையில் பாதியைக் கழித்து எழுத, கறுப்பையா கவ்வாத்துக் கத்தியோடு போய் அவர் தோளில் வெட்டிவிட்டான். அதற்குத்தான் தண்டனை. அவன் உள்ளே போன வருஷக் கடைசியில் காய்ச்சல் வந்தது. கீழே ஆற்றோரத்து ஊர்களில் வீடு வீடாக ஆட்களைக் கொண்டுபோன காய்ச்சல் மலைக்கும் ஏறியது. அவர்களுடைய சின்னவன், அப்போதுதான் நடக்கப் பழகியவன், அதில் படுத்தான்.

அம்பிட்டிய ரோட்டில் கல் உடைக்க மறியல்காரர்களைக் கொண்டுபோவது வழக்கம். அந்தப் பக்கமாக வந்த ஒரு வண்டிக்காரன் சொல்லித்தான் கறுப்பையாவுக்குப் பிள்ளையின் காய்ச்சல் தெரிந்தது. அன்று பின்னேரம் மழை கொட்டியது. காவல்காரர்கள் மரத்தடியில் ஒதுங்கினார்கள். கறுப்பையா மூங்கில் புதருக்குப் பின்னால் ஒதுங்கப் போகிறவன் போலப் போய், அப்படியே மலையில் இறங்கி ஓடிவிட்டான். அவன் வந்து சேர்ந்தபோது பிள்ளையைப் புதைத்த மண் காய்ந்திருந்தது.

அதன் பிறகு தோட்டத்துக்கு மேலே இருந்த காட்டில் கொஞ்ச நாள் கிடந்தான். அழகம்மா விறகுக்குப் போகிறவள் போல ரொட்டியும் சம்பலும் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஒருநாள் விடியற்காலை பொலிஸ் காட்டைச் சுற்றி வளைத்தது. புகையைப் பார்த்து வந்தார்கள் என்றார்கள் சிலர். யாரோ சொல்லிக் கொடுத்தார்கள் என்றார்கள் பலர். அன்றைக்கே மத்தியானம் அழகம்மாவையும் ஸ்டேசனுக்குக் கொண்டுபோய், இரவு முழுக்க வைத்திருந்து அனுப்பினார்கள். அவனைப் பிடித்தது முதலா, அவளைக் கொண்டுபோனது முதலா என்பதையெல்லாம் லயத்து வரிசை வீடுகளில் யாரும் மனதில் வைத்திருக்கவில்லை.

இந்தக் கதை கண்டி டவுன் வரைக்கும் போய், மஹ்மூத் முதலாளியின் காதில் விழுந்தது. அக்குறணைக்காரர். டவுனில் கிராமபோன் விற்கிற கடை வைத்திருந்தார். படம் பிடிக்கிற பெட்டி ஒன்றும் பேச்சைத் தட்டில் பதிகிற மிஷின் ஒன்றும் வரவழைத்திருந்தார். நாடகக் கதைகளையே எல்லாரும் படமாக எடுக்கிறார்கள், நம் மலையில் உண்மையாக நடந்ததை, நடந்த இடத்திலேயே, நடந்தவர்கள் வாயாலேயே எடுத்துக் காட்டவேண்டும் என்பது அவருடைய ஆசை. மச்சான் தாஸிமைக் கூட்டிக்கொண்டு லொறியில் வந்து, ரோட்டை எடுத்தார், காட்டை எடுத்தார், லயத்தை எடுத்தார். அழகம்மாவை அவளுடைய ஒற்றை அறைக் காம்பராவின் முன்னால் நிறுத்தி, ஊதுகுழல் போன்ற ஒன்றை முகத்துக்கு நேரே வைத்து, நடந்ததைச் சொல்லச் சொன்னார்.

அவள் சொன்னாள். பிள்ளை போனதைச் சொன்னாள், ரொட்டி கொண்டுபோனதைச் சொன்னாள். கடைசியில் அவர், "காட்டிக் குடுத்தது ஆருண்டு சொல்றாங்க?" என்று கேட்டார். அதற்கும் பதில் சொன்னாள். சொன்ன பிறகு, ஏன் சொன்னோம் என்று இருந்தது. மிஷின் அதற்குள் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டுவிட்டது.

தோட்டத்துப் பழைய ஸ்டோரின் ஜன்னல்களைச் சாக்குப் போட்டு மூடி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படத்தைக் காட்டினார்கள். தாஸிம் ஒரு மேசையில் இரண்டு தட்டுகளைச் சுழலவிட்டார். ஒன்றில் பேச்சு, மற்றதில் மேளமும் நாயனமும். இரண்டும் ஒரே குழாய் வழியாக வந்தன. திரையில், கொழும்பு நாடகக்காரன் ஒருவன் கறுப்பையாவாகி, ஆளுயரத்துக்கு மேலான மதிலில் ஏறிக் குதித்தான். மூங்கில் புதர் படத்தில் இல்லை. சனம் கை தட்டியது. பிறகு எழுத்து வந்தது. பள்ளிக்கூட வாத்தியார் சத்தமாக வாசித்தார்: "காட்டிக் கொடுத்தது யார்?"

அடுத்து அழகம்மாவின் முகம், சுவர் அளவுக்கு. மேளம் ஏறிக்கொண்டே வந்தது. அந்த இரைச்சலுக்குள் அவள் குரல் நீரில் முங்கி எழுவது போலக் கேட்டது.

"நான்... காட்டிக் குடு..."

மேளம்.

"...அடி தாங்காம சொல்லி..."

மறுபடியும் மேளம். வாய் மட்டும் அசைந்தது.

காட்டிக் குடுக்கல என்றுதான் அவள் சொல்லியிருந்தாள். 'குடு' வரைக்கும் வெளியே வந்தது, மிச்சத்தை மேளம் வாங்கிக்கொண்டது. இருட்டில் எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. மடியில் இருந்த மகள் காமாச்சி நிமிர்ந்து தாயின் முகத்தைப் பார்த்தாள். எழுந்து நின்று, அப்படி இல்லை என்று சொல்ல அழகம்மாவுக்கு நா எழவில்லை. ஏனென்றால் மேளம் மறைத்தது அந்த ஒரு சொல்லை மட்டுமல்ல. அதற்குப் பின்னால் இன்னொன்றும் இருந்தது. அது மறைந்ததில் அவளுக்கு உள்ளுக்குள் ஆறுதலாகவும் இருந்தது. அந்த ஆறுதலை நினைத்தும் வெட்கினாள்.

நாலைந்து நாள் கழித்து, பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது நல்லம்மாவே வாயைத் திறந்தாள்.

"நான் ஒங்கூடப் பேசக் கூடாதுன்னுதான் இருந்தேன். மனசு கேக்கல. ஏன்டி அப்புடிச் செஞ்ச?"

"நான் செய்யல நல்லம்மா. குடுக்கலன்னுதான் சொன்னேன். மேளம் அமுக்கிருச்சு."

"ஒன் வாயி, ஒன் பேச்சு. நாங்க யாரும் கோளு சொல்லல."

"கடைசி எழுத்து வரல. நீயே யோசிச்சுப் பாரு, நான் போயி..."

"சரி, அத விடு. அடி தாங்காம சொன்னதுன்னு வந்துச்சே. அது எல்லாருக்கும் கேட்டுச்சு. அடி தாங்காம சொன்னது யாரு?"

குடத்தில் தண்ணீர் நிறைந்து வழிந்தது. அழகம்மா குடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"சொல்லு. நீ இல்லாட்டி யாரு?"

"அது... வேற பேச்சு."

"வேற பேச்சு," என்றாள் நல்லம்மா. "பொலிசு அடிச்சா யாருதான் தாங்குவா? அதக்கூட நான் மன்னிச்சிருவேன். மூஞ்சியப் பாத்து மறைக்கிற பாரு, அதத்தான் தாங்க முடியல." குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அடுப்புக்கு நெருப்புக் கேட்டு யாரும் வரவில்லை, அவளும் போகவில்லை. கோயிலில் அவள் கொண்டுபோன தேங்காயைப் பூசாரி கடைசியாக உடைத்தார். காமாச்சி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, "எங்கூட யாரும் குந்த மாட்டேங்கிறாங்கம்மா" என்றாள். அழகம்மா பிள்ளையின் தலையை வாரிவிட்டாள். 

புருஷன் காதில் போட்டால் அவன் புரிந்துகொள்வான் என்று எண்ணி, ஒரு வெள்ளிக்கிழமை வேலைக்குப் பேர் கொடுக்காமல் டவுனுக்குப் போனாள். விடியுமுன்னே சுட்ட ரொட்டியையும் கருவாட்டுச் சம்பலையும் வாழையிலையில் கட்டி எடுத்துக்கொண்டாள். மறியல் வாசலில் நிறையப் பேர் நின்றார்கள். அவள் முறை வந்தது. உள்ளே போன காவல்காரர் சிங்களவர், வயதானவர், திரும்பி வந்து தெரிந்த தமிழில் சொன்னார்.

"அவன் வாறது இல்லையாம்."

"நான் அவரு பொஞ்சாதின்னு சொன்னீங்களாய்யா?"

"சொன்னது. தலை கீழே போட்டது. வாறது இல்லை சொன்னது."

"இத மட்டும் குடுத்துருங்க."

காவல்காரர் பொட்டலத்தோடு போனார், பொட்டலத்தோடு திரும்பி வந்தார். படத்தைப் பார்த்த யாராவது உள்ளே போயிருப்பார்கள், அவர்கள் சொல்லியிருப்பார்கள் என்று அழகம்மா நினைத்தாள். வாவிக் கரையில் உட்கார்ந்து பொட்டலத்தை அவிழ்த்தாள். பார்த்துவிட்டு மறுபடி கட்டி வைத்தாள்.

அங்கிருந்து எழுந்து நேரே மஹ்மூத் முதலாளியின் கடைக்குப் போனாள். கடை ஜும்ஆத் தொழுகைக்காகப் பூட்டியிருந்தது. பக்கத்துக் கடைக்காரரிடம் வழி கேட்டு, மாத்தளை ரோட்டில் போகிற பஸ்ஸில் ஏறி அக்குறணையில் இறங்கினாள்.

கதவைத் திறந்தது அவருடைய மனைவி ரபீகா. வந்தவளின் நனைந்த சேலையைப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் உள்ளே கூப்பிட்டுக் கதிரையில் உட்காரச் சொன்னாள். அழகம்மா நிலத்தில் உட்கார்ந்தாள். ரபீகாவும் நிலத்தில் உட்கார்ந்துகொண்டாள். தேத்தண்ணி வந்தது. தொழுகை முடிந்து வந்த மஹ்மூத், நடந்ததைக் கேட்டுத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"டவுன்ல முதல் தரம் காட்டின நேரம் நீங்க பேசுற எடத்துல சனம் எழும்பிப் போகப் பாத்திச்சி தங்கச்சி. மேளத்தக் கூட்டுண்டு தாஸிமுக்கு நான்தான் சொன்ன. அதுக்குப் பொறகு எல்லா எடத்துலயும் அப்புடியே போட்டோம். பேச்சு கேக்குதா இல்லையாண்டு நான் கீழ நிண்டு கேட்டுப் பாக்கல்ல."

"நான் என்னா சொன்னேன்னு ஒருக்கா கேக்கணும் மொதலாளி."

அலுமாரியிலிருந்து தட்டை எடுத்து, மேளம் இல்லாமல், வீட்டுக் கிராமபோனில் போட்டார். கரகரப்புக்குப் பிறகு அழகம்மாவின் குரல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல வந்தது.

"நான் அவரக் காட்டிக் குடுக்கல. எனக்கு அந்த மாதிரி மனசு வராது. அவருதான் என்னயக் காட்டிக் குடுத்தாரு. சோறு கொண்டாந்தது யாருன்னு கேட்டிருக்காங்க. அடி தாங்காம சொல்லிட்டாரு."

முள் தட்டின் ஓரத்தில் உரசிக்கொண்டே இருந்தது. ரபீகாதான் எழுந்துபோய் எடுத்து வைத்தாள்.

"யா அல்லாஹ்," என்றார் மஹ்மூத் மெதுவாக. "மிஷினப் பாத்துக்கிட்டு ஈந்த நான், இந்தச் சொல்லக் கேக்கல்ல. தங்கச்சி, இது என்ட பிழை. அடுத்த ஞாயித்துக்கிழமையே வாறேன். மேளமே இல்லாமப் போட்டுக் காட்டுறேன். எல்லாருக்கும் வெளங்கட்டும்."

"வேணாம்."

"ஏன்?"

"எம்மேல உள்ளது போகும். அவரு மேல வந்து குந்தும். பொஞ்சாதியக் காட்டிக் குடுத்தவன்னு சொல்லுவாங்க. நாளைக்கு வெளிய வந்து அந்த மலையிலதான அவரு நடக்கணும்?"

"முதல் பேச்ச மட்டும் போட்டுட்டு மத்தத நிப்பாட்ட ஏலாதா?" என்று ரபீகா கேட்டாள்.

மஹ்மூத் தலையை ஆட்டினார். "அடி தாங்காம எண்ட சொல்லு ஏற்கெனவே எல்லாருட காதுலயும் உழுந்திட்டு. அங்க நிப்பாட்டினா, அது ஆருண்டு கேப்பாங்களே."

"கேட்டுட்டாங்க," என்றாள் அழகம்மா. "இப்பவே கேட்டுட்டாங்க."

 பிறகு அவள், தட்டைப் பார்த்தபடி சொன்னாள்: "யாரோ வேத்து மனுசர் முன்னாடி கட்டின புருசன அப்புடிச் சொல்லியிருக்கேன் பாருங்க. கேக்கயில எனக்கே ஒடம்பு கூசுது. எம் பேரு மேளத்துலயே கெடக்கட்டும் மொதலாளி."

ரபீகா அவளுக்கு ஒரு காய்ந்த சேலையைக் கொடுத்து பஸ் வரைக்கும் கூட வந்தாள். அன்றிலிருந்து மஹ்மூத் அந்தப் படத்தை எங்கும் காட்டவில்லை. ஏற்கெனவே காட்டிய இடங்களில் அழகம்மா மேல் விழுந்த பேச்சு போகாமல் நின்றது.

அடுத்த வருஷம் மழை விட்ட ஒரு நாளில் கறுப்பையா விடுதலையாகி வந்தான். இளந்தாரிப் பையன்கள் ரோட்டிலேயே காத்திருந்து மாலை போட்டார்கள். மதில் ஏறிக் குதித்த ஆள் என்று, அவன் உள்ளே போனபோது சிறுவர்களாக இருந்தவர்கள்கூட வந்து தொட்டுப் பார்த்தார்கள். அவன் மாலையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் லயத்துக்கு நடந்தான். மெலிந்திருந்தான். காமாச்சி அவனை அடையாளம் தெரியாதவள் போலக் கதவின் பின்னால் நின்றாள்.

அழகம்மா கீரையும் கருவாட்டுக் குழம்பும் வைத்துச் சோறு போட்டாள். அவன் தலை குனிந்து சாப்பிட்டான்.

"வந்தியாமே," என்றான் கடைசியில்.

"வந்தேன்."

"நான் வெளிய வரல."

"தெரியும். இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்தவா?"

இஸ்தோப்புத் திண்ணையில் ஆட்கள் கூடியிருந்தார்கள். நல்லம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். கெட்ட மனதோடு அவள் சொல்லவில்லை. கறுப்பையாவைப் பெருமைப்படுத்துவதாகத்தான் நினைத்தாள்.

"அண்ணே, ஒங்க மனசு யாருக்கும் வராது. காட்டிக் குடுத்தவ கையாலயே உக்காந்து சாப்புடுறீங்க."

கறுப்பையாவின் கை சோற்றிலேயே நின்றது. அவன் அழகம்மாவை அண்ணாந்து பார்த்தான். அவள் அடுப்புப் பக்கம் திரும்பி, எரிகிற விறகை இன்னும் உள்ளே தள்ளினாள்.

மறுநாள் அவன் யாரிடமும் சொல்லாமல் டவுனுக்குப் போய் வந்தான். ஞாயிற்றுக்கிழமை மஹ்மூதின் லொறி தோட்டத்துக்கு வந்தபோதுதான் எல்லாருக்கும் விஷயம் தெரிந்தது. கறுப்பையாவே போய்ப் படத்தைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறான். தன்னுடைய வீரத்தைத் தானே பார்க்க ஆசைப்படுகிறான் என்று சனம் சந்தோஷப்பட்டது. அழகம்மா வரமாட்டேன் என்றாள். "நீ வராட்டி நானும் போகல," என்றான் அவன். பிறகு, "வா புள்ள," என்றான். பழைய மாதிரி அவன் அப்படிக் கூப்பிட்டு எவ்வளவோ காலமாகியிருந்தது. எழுந்து போனாள்.

ஸ்டோரில் நிற்க இடமில்லை. மூடிய ஜன்னல்களுக்குள் ஈரக் கம்பளி மணத்தது. நாடகக்காரன் மதிலில் ஏறினான். இளந்தாரிகள் விசில் அடித்தார்கள். கறுப்பையா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். திரையில் எழுத்து வந்தது. வாத்தியார் வாசித்தார். மேளம் ஏறியது.

கறுப்பையா எழுந்து மேசைக்குப் போனான்.

"மேளத்த நிப்பாட்டுங்க."

தாஸிம் மஹ்மூதைப் பார்த்தார். மஹ்மூத் சனத்துக்கு நடுவில் அழகம்மாவைத் தேடினார். அவள் எழுந்து நின்று, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"வேணாங்க," என்று வாய் விட்டும் சொன்னாள். "வாங்க, வந்து குந்துங்க. அதுல என்னா இருக்குன்னு ஒங்களுக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியாதா?" என்றான் கறுப்பையா. "செஞ்சவன் நான்."

மேளம் சுழன்ற தட்டிலிருந்து முள்ளைத் தானே தூக்கினான். பேச்சுத் தட்டை முதலிலிருந்து போடும்படி கையைக் காட்டினான். தாஸிம் போட்டார். திரையில் படம் தன் பாட்டில் முன்னால் ஓடி, காட்டையும் பொலிஸையும் காட்டிக்கொண்டிருக்க, அழகம்மாவின் குரல் தனியாக வந்தது. பிள்ளை போனது கேட்டது. ரொட்டி கொண்டுபோனது கேட்டது.

"நான் அவரக் காட்டிக் குடுக்கல. எனக்கு அந்த மாதிரி மனசு வராது. அவருதான் என்னயக் காட்டிக் குடுத்தாரு..."

கடைசிச் சொல் வரைக்கும் கேட்டது. கறுப்பையா அசையாமல், எல்லாரும் பார்க்கும்படி, மேசைக்குப் பக்கத்தில் நின்றான். சனம் அவனையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. விசில் அடித்த இளந்தாரி ஒருவன் தலைத் துண்டை அவிழ்த்து மறுபடி கட்டினான். நல்லம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு முன்னால் இருந்தவளின் முதுகையே பார்த்திருந்தாள். யாரோ ஒருவர் ஜன்னல் சாக்கை இழுத்துவிட, பகல் வெளிச்சம் உள்ளே விழுந்து திரை வெளுத்துப் போனது.

மூன்று பேரும் தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் வீட்டுக்கு நடந்தார்கள். காமாச்சி முன்னால் போனாள். பாதை ஒடுக்கமானதால் அழகம்மா நடுவிலும் கறுப்பையா பின்னாலும் வந்தார்கள். பின்னாலிருந்தே அவன் பேசினான்.

"அடி தாங்காமன்னு சொல்லியிருக்க."

அவள் நடந்துகொண்டே இருந்தாள்.

"அடிக்கல. அடிப்போம்னுகூடச் சொல்லல. பொலிசு சாஜன் குடிக்கச் சூடா ஒரு சாயத்தண்ணி வாங்கிக் குடுத்து, சோறு கொண்டாந்தது யாருன்னு கேட்டான். சொல்லிட்டேன். பொறகு ஒன்னயக் கொண்டாந்து உள்ள விட்டப்பதான் என்னா செஞ்சேன்னே தெரிஞ்சுச்சு. அந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஒன் முன்னாடி எப்புடி வந்து நிக்கிறதுன்னுதான் மறியல்ல வெளிய வரல."

"தெரியும்," என்றாள் அழகம்மா.

"என்னா தெரியும்?"

"அடிக்கலன்னு. ஸ்டேசன்ல வாங்குப் பலகையில குந்தியிருந்தீங்க. ஒடம்புல ஒரு கீறல் இல்ல. சட்ட கசங்கல. கையில சாயத்தண்ணிக் கோப்ப இருந்துச்சு."

அவன் நின்றுவிட்டான். அடி எடுத்து வைக்கும் சத்தம் பின்னால் கேட்கவில்லை.

"பொறகு ஏன் அந்தப் பொட்டிகிட்ட அப்புடிச் சொன்ன?"

 இரண்டு அடி நடந்து அவளும் நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை. தூறல் மறுபடி தொடங்கியது. கம்பளியை இழுத்துக் காமாச்சியின் தலைக்குப் போட்டு, பிள்ளையை அணைத்துப் பிடித்துக்கொண்டு, பின்னால் அவனுடைய காலடிச் சத்தம் கேட்கும்வரை அங்கேயே நின்றாள். கேட்ட பிறகு நடந்தாள்.